போரும் ஆட்டமும் - 14: செத்துப் பிழைத்தவரும் பெயர் இல்லாதவரும்

போன வாரம் ஹெட்லி வெரிட்டியை இத்தாலியில், கசெர்டா நகரத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் மேட்சில், ஒரே இன்னிங்ஸில் 7 இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்த அதே வெரிட்டி. 1943 ஜூலை 31-ம் தேதி போர்க் கைதியாகக் கண்ணை மூடினார். அந்தச் செய்தி இங்கிலாந்துக்கு வந்து சேர ஒரு மாதம் பிடித்தது.

இந்த வாரக் கதையில் நேர்மாறு. ஆள் உயிரோடு இருக்கிறார். இறப்புச் செய்தி முந்திக்கொண்டுவிட்டது.

1941 மே மாதக் கடைசி. கிரேக்க நாட்டுக்குத் தெற்கே கிரீட் தீவில் ஜெர்மன் பாராசூட் படை குதித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. 'மாக்ஸ் ஷ்மெலிங் கொல்லப்பட்டார்' என்று அமெரிக்கப் பேப்பர்களில் செய்தி வந்தது. வதந்திக்குக் கை கால் வேறு முளைத்திருந்தது. பிரிட்டிஷாரிடம் பிடிபட்டாராம், தப்பிக்கப் பார்த்தாராம், சுட்டுவிட்டார்களாம். முன்னாள் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் அல்லவா? ஆயிரக்கணக்கான ஜெர்மன் சிப்பாய்கள் அந்தத் தீவில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நியூயார்க் வாசகருக்குத் தெரியாது. இந்த ஒரு பெயர் எல்லோருக்கும் தெரியும். அது போதும், தலைப்புச் செய்திக்கு.

சில நாள் முன்னால்தான், மே 23 அன்று, வாஷிங்டனில் இன்னொரு செய்தி. அப்போதைய உலக சாம்பியன் ஜோ லூயிஸை, பட்டி பேர் என்கிற ராட்சசர் முதல் ரவுண்டிலேயே கயிற்றுக்கு வெளியே தள்ளிவிட்டார். லூயிஸ் எழுந்து வந்து அடித்த அடியில் ஏழாவது ரவுண்டோடு கதை முடிந்தது. பேருடைய மேனேஜர் ரிங்கைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் பேர் தகுதி நீக்கம். இந்தப் பட்டி பேரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

லூயிஸ், ஷ்மெலிங். இந்த இரண்டு பெயரையும் பிரித்து எழுத அன்றைய பத்திரிகைகளுக்கு மனமே வராது. அதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

ஷ்மெலிங் 1905-ல் பிறந்தவர். 1930-ல் ஜாக் ஷார்க்கி இடுப்புக்குக் கீழே அடித்ததால் தகுதி இழக்க, வலியில் தரையில் கிடந்தபடியே உலக சாம்பியன் ஆனவர். அப்படிப் பட்டம் வாங்கியதை ஊர் அவ்வளவாக மதிக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஷார்க்கியிடமே பறிகொடுத்தார். 1936-ல் அவருக்கு வயது 30. ஓய்வு பெற வேண்டிய ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எதிரே 22 வயது ஜோ லூயிஸ். அலபாமாவில் பருத்திக் காட்டுக் குடும்பம்; டெட்ராய்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். பையன் வயலின் கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மா கொடுத்த காசை, குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கட்டணமாகக் கட்டிய கதையை அவர் பிற்பாடு சிரித்துச் சிரித்துச் சொல்வதுண்டு. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து இரண்டு வருடம், தோல்வி என்பதே கிடையாது.

ஆனால் லூயிஸிடம் ஒரு குறை இருந்தது. இடது கையால் குத்திவிட்டுக் கையை மேலே திருப்பிக் கொண்டுவராமல், கீழே தொங்கவிட்டுவிடுவார். கண் மூடித் திறப்பதற்குள் நடக்கிற விஷயம். ஷ்மெலிங் அவருடைய பழைய சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். ஏதோ ஒன்றைக் கவனித்திருக்கிறேன் என்று மட்டும் நிருபர்களிடம் சொன்னார், என்னவென்று சொல்லவில்லை. 1936 ஜூன் 19, யாங்கி ஸ்டேடியம். லூயிஸின் இடது கை தாழும்போதெல்லாம் அதற்கு மேலாக ஷ்மெலிங்கின் வலது கை வந்து இறங்கியது. பன்னிரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட். வடசென்னையில் சொல்வதுபோல 'வாத்தியார்' என்றால் லூயிஸுக்கு ஜாக் பிளாக்பர்ன்தான். அந்த வாத்தியாருக்கே அன்று பேச்சு வரவில்லை.

ஹிட்லரின் ஆட்கள் இதை விடுவார்களா? ஷ்மெலிங் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் ஊர் திரும்பினார். சண்டைப் படத்துக்கு 'ஷ்மெலிங்கின் வெற்றி, ஜெர்மனியின் வெற்றி' என்கிற பொருளில் தலைப்பு வைத்துத் தியேட்டர் தியேட்டராக ஓட்டினார்கள். அவர் மனைவி ஆனி ஓண்ட்ரா, செக் நாட்டு சினிமா நட்சத்திரம். சண்டையின் ரேடியோ வர்ணனையை அந்த அம்மாள் கேட்டது பிரசார மந்திரி கோயபல்ஸின் வீட்டில் உட்கார்ந்து.

ஷ்மெலிங் நாஜியா என்று வாசகர்கள் கேட்பீர்கள். கட்சியில் அவர் சேரவில்லை. அவருடைய மேனேஜர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். கழற்றிவிடச் சொன்னபோது மறுத்துவிட்டார். 1935-ல் ஹாம்பர்க்கில் நடந்த ஒரு கூத்து படமாகவே இருக்கிறது. சண்டை முடிந்து கூட்டம் மொத்தமும் எழுந்து கையை நீட்டி நாஜி வணக்கம் வைக்கிறது. ரிங்குக்குள் நிற்கிற ஜேக்கப்ஸுக்கும் வேறு வழியில்லை, கையை நீட்டுகிறார். நீட்டிய கையில் சுருட்டு. நியூயார்க் யூதர்களுக்கும் கோபம், பெர்லின் நாஜிகளுக்கும் கோபம். அதே ஷ்மெலிங்தான் ஹிட்லரோடு விருந்தும் சாப்பிட்டார். பெர்லின் ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்க வேண்டாம் என்று அமெரிக்க ஒலிம்பிக் அதிகாரிகளிடம் தூதும் போனார். எல்லாப் பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்த்த மனிதர் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்டவர்களை நாமும் அடிக்கடி பார்க்கிறோம்.

1937-ல் லூயிஸ், ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். ஆனாலும் ஷ்மெலிங்கை அடிக்கும்வரை என்னை சாம்பியன் என்று கூப்பிடாதீர்கள் என்றார். மறுபடி மோதிய நாள் 1938 ஜூன் 22. அதே யாங்கி ஸ்டேடியம், சுமார் 70,000 பேர். ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை லூயிஸின் இடது கை தாழவில்லை. முதுகுப் பக்கமாக விழுந்த ஒரு குத்தில் ஷ்மெலிங் போட்ட அலறல் ரிங்கைச் சுற்றி இருந்தவர்களை உலுக்கியது. முதுகெலும்பில் முறிவு. மொத்தச் சண்டையும் 124 விநாடி. டிக்கெட் வாங்கி, சீட்டைத் தேடி, தொப்பியைக் கழற்றி வைப்பதற்குள் முடிந்துவிட்டது என்று புலம்பியவர்கள் உண்டு.

அந்த ராத்திரியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நியூயார்க்கிலிருந்து வெகு தூரத்தில் நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஆர்ச்சரி என்றொரு குக்கிராமம். நிலக்கடலை போடும் வெள்ளைக்கார விவசாயி ஒருவர், அவரிடம் வேலை செய்யும் கறுப்பினத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்காக, வீட்டு ரேடியோவை ஜன்னலில் தூக்கி வைத்தார். அவர்கள் வெளியே, மரத்தடியில். சண்டை முடிந்தது. யாரும் சத்தம் போடவில்லை. பண்ணைக்காரருக்கு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, சாலையைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கூச்சல் கிளம்பியது. ஊரே அதிர்ந்தது. அந்த விவசாயியின் மகனுக்கு அப்போது 13 வயது. பெயர் ஜிம்மி கார்ட்டர். அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு முன்பு எழுதிய சுயசரிதையில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். நம் ஊரில் பண்ணை வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

தோற்ற ஷ்மெலிங்குக்கு பெர்லினில் மாலை மரியாதை எதுவும் இல்லை. போர் வந்தபோது, 1940-ல், படையில் சேரச் சொல்லி ஆணை வந்தது. அதுவும் பாராசூட் படைக்கு. 30 வயதைத் தாண்டிய, முதுகு உடைந்த ஆளை விமானத்திலிருந்து குதிக்கச் சொல்வது என்றால்? விளையாட்டுத் துறைத் தலைவர் தன்மேல் வைத்திருந்த காழ்ப்புதான் காரணம் என்று ஷ்மெலிங் பிற்காலத்தில் சொல்லிவந்தார். பாராசூட் சீருடையில் அவர் படம் ஜெர்மன் பத்திரிகைகளில் அழகாக வந்தது. அந்தப் படத்துக்காகவே எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1941 மே 20, கிரீட்டில் குதித்தார். வயது 35. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதில்தான் வேடிக்கை. அமெரிக்கப் பேப்பர்களில் அவர் செத்துவிட்டார். குண்டுச் சிதறல் பட்டு முழங்காலில் காயம் என்று ஒரு கணக்கு. அவருடைய பட்டாலியன் தளபதி ஃபான் டெர் ஹெய்டே பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதிவைத்தது இன்னொரு கணக்கு: சாம்பியனுக்கு வயிற்றுப்போக்கு. போரில் வயிற்றுப்போக்கு வராத சிப்பாய் இல்லை. ஆனால் அதைத் தலைப்புச் செய்தியாக எந்த நாட்டுப் பேப்பரும் போடாது.

உண்மையில் அவர் ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அங்கே அமெரிக்க நிருபர் வந்து சந்தித்தார் (அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை). பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய்களை பிரிட்டிஷார் சித்திரவதை செய்தார்கள் என்பது கோயபல்ஸ் அப்போது பரப்பிக்கொண்டிருந்த பிரசாரம். அதற்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. உலகத்துக்கே தெரிந்த முகம் சொன்னால் எடுபடும். நிருபர் கேட்டார். அப்படி எதையும் நான் பார்க்கவில்லை என்று ஷ்மெலிங் பதில் சொன்னார். கோயபல்ஸ் கொதித்துப்போனார். அதன் பிறகு ஜெர்மன் பத்திரிகைகளில் ஷ்மெலிங்கின் பெயர் மெல்ல மெல்ல மறைந்தது. சண்டைக்கு லாயக்கில்லை என்று படையிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள்.

1941 டிசம்பர் 7. இப்போது கதை பசிஃபிக் சமுத்திரத்துக்கு நகர்கிறது. ஹவாய்த் தீவில் பேர்ல் துறைமுகம். ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நேராக 'வெஸ்ட் வர்ஜீனியா' என்ற போர்க்கப்பலுக்குள் போவோம்.

கப்பலில் ஒரு சாம்பியன் இருந்தார். அந்தக் கப்பலின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். டெக்சாஸ் மாநிலம் வேகோ ஊர்க்காரர், வயது 22, குத்தகை விவசாயியின் மகன். கப்பல் மொத்தத்துக்கும் குத்துச்சண்டையில் அவர்தான் முதல். உத்தியோகத்தில்? மெஸ் உதவியாளர். அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, படுக்கை விரிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது. கறுப்பினத்தவர் என்றால் அமெரிக்கக் கடற்படையில் அப்போது அந்த வேலைதான். பீரங்கிப் பக்கம் பயிற்சிக்குக்கூட விடமாட்டார்கள்.

அன்று காலை அவர் அழுக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தார். அபாயச் சங்கு ஊதியது. தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு ஓடினால், டார்பிடோ அதைப் பெயர்த்துப் போட்டிருந்தது. மேல்தளத்துக்கு வந்தார். பலசாலி என்பதால் அடிபட்டவர்களைத் தூக்கும் வேலை. படுகாயம் அடைந்திருந்த கேப்டன் மெர்வின் பென்னியனை நகர்த்தவும் கைகொடுத்தார். பிறகு, ஆளில்லாமல் நின்ற விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் பின்னால் போய் நின்றார். அதைத் தொட்டுப் பழகியவர் இல்லை. மற்றவர்கள் சுடுவதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். குண்டு தீரும்வரை சுட்டார். எத்தனை விமானம் விழுந்தது என்பதற்கு ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். ஒன்றையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. கப்பல் மூழ்கத் தொடங்கியபோது எண்ணெய் படர்ந்த தண்ணீரிலிருந்தும் ஆட்களை இழுத்துக் காப்பாற்றினார்.

1942 ஜனவரி 1-ம் தேதி கடற்படை ஒரு பாராட்டுப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஒரு வரி, பெயர் இல்லாமல், 'ஒரு நீக்ரோ'.

எட்டு நாள் கழித்து, ஜனவரி 9. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஜோ லூயிஸ் தன் உலகப் பட்டத்தைப் பணயம் வைத்து ரிங்கில் ஏறுகிறார். எதிராளி யார் தெரியுமா? மே மாதம் அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளிய அதே பட்டி பேர். தனக்குக் கிடைக்கும் பணம் முழுக்க நன்கொடை என்று லூயிஸ் சொல்லிவிட்டார். யாருக்கு? கடற்படை நிவாரண நிதிக்கு.

ஆம், கறுப்பினத்தவரைத் தட்டுக் கழுவ மட்டும் சேர்த்துக்கொண்ட அதே கடற்படைக்கு. கறுப்பினத்தவர்களின் பத்திரிகைகள் சும்மா இருக்கவில்லை. நம்மை உள்ளே விடாதவர்களுக்கு நம் சாம்பியன் ஏன் ரத்தம் சிந்த வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இதைவிட நல்ல செருப்படி இருக்க முடியாது என்று லூயிஸ் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். சும்மாவா சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், சும்மா இல்லை, என் நாட்டுக்காக என்றார் லூயிஸ். பேர் முதல் ரவுண்டைத் தாண்டவில்லை. நிவாரண நிதிக்கு 47,000 டாலர் சேர்ந்தது. அடுத்த நாளே லூயிஸ் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். மாதச் சம்பளம் 21 டாலர்.

சேர்ந்ததையும் படம் பிடித்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு சிப்பாய் குமாஸ்தா உட்கார்ந்து, என்ன தொழில் என்று கேட்கிறார். லூயிஸ் பாடம் ஒப்பிக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி படபடவென்று, சண்டை போடுவது, ஜப்பான்காரனை எங்ககிட்ட விடுங்க என்கிறார். அந்த மனிதருடைய தொழில் என்ன என்பது அமெரிக்காவில் கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் நியூஸ் ரீல்.

மார்ச்சில் ராணுவ நிவாரணத்துக்காக இன்னொரு சண்டை, ஏப் சைமனோடு. அதற்கு முன்பு ஒரு விருந்தில் லூயிஸைப் பேசச் சொன்னார்கள். பேச்சாளர் இல்லை அவர். இரண்டு வரி பேசுவதற்குள் வியர்த்துவிடும். கடவுள் நம்ம பக்கம் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியத்தை அவர் மாற்றிப் போட்டார்: நாம் ஜெயிப்போம், ஏனென்றால் நாம் கடவுள் பக்கம் இருக்கிறோம். வாய் தவறிச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். யோசித்துத்தான் சொன்னார் என்பது என் கட்சி. மறுநாள் அது நாடு முழுக்கப் பரவியது. துப்பாக்கி முனையில் கத்தி செருகி லூயிஸ் பாய்கிற மாதிரி படம் போட்டு, அந்த வாக்கியத்தை அச்சடித்து, அரசாங்கம் போஸ்டர் ஒட்டியது.

அதே மார்ச்சில்தான் பெயரில்லாத அந்த மெஸ் உதவியாளருக்குப் பெயர் கிடைத்தது. கறுப்பினத்தவர்களுக்காக நடந்த 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகை விடாமல் துருவியது. வெளியே ஹிட்லரையும் ஜெயிக்க வேண்டும், உள்ளே நிறவெறியையும் ஜெயிக்க வேண்டும் என்று 'இரட்டை வெற்றி' இயக்கத்தைத் தொடங்கியிருந்த பத்திரிகை அது. கடைசியில் கடற்படை வாயைத் திறந்தது. அவர் பெயர் டோரிஸ் மில்லர். பெண்ணுக்கு வைக்கிற பெயராயிற்றே என்றால், பெண் குழந்தைதான் பிறக்கும் என்று மருத்துவச்சி அடித்துச் சொன்னதால் வந்தது என்பார்கள். பத்திரிகைகள் அதை 'டோரி' ஆக்கின. ஒரு வீரனுக்கு டோரிஸ் என்ற பெயர் ஆகாது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் கடற்படை தன் கொள்கையைத் தளர்த்தியது. கறுப்பினத்தவர் சமையலறைக்கு வெளியேயும் வேலை பார்க்கலாம் என்று. மே 27-ம் தேதி 'என்டர்பிரைஸ்' கப்பலின் மேல்தளத்தில், பசிஃபிக் கடற்படைத் தலைமைத் தளபதி நிமிட்ஸ், மில்லரின் சட்டையில் 'நேவி கிராஸ்' பதக்கத்தைக் குத்தினார். அந்த இனத்தில் ஒருவருக்கு பசிஃபிக் படையில் இவ்வளவு பெரிய கௌரவம் இதுதான் முதல் தடவை என்று நிமிட்ஸே சொன்னார். மில்லர் முகமும் போஸ்டர் ஆனது. ஊர் ஊராக அழைத்துப்போய்ப் போர்ப் பத்திரம் விற்கப் பேசவைத்தார்கள்.

லூயிஸை ஊர் ஊராக அனுப்பியது ராணுவம். அதிலும் எதிரியோடு சண்டைக்கு இல்லை. சிப்பாய்களுக்கு முன்னால் காட்சிச் சண்டை போட. 96 காட்சிகள், 20 லட்சம் சிப்பாய்கள், 21,000 மைல் என்று ராணுவத்தின் கணக்கு. அமெரிக்காவில் கோளாறு நிறைய இருக்கிறது, அதை ஹிட்லர் வந்து சரிசெய்யப் போவதில்லை என்று அவர் சொன்னது இந்தக் காலத்தில்தான். கேன்சஸில் ஃபோர்ட் ரைலி முகாமில் அதிகாரிப் பயிற்சிக்குக் கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் இழுத்தடித்தபோது, வாஷிங்டனில் தனக்குத் தெரிந்தவர்களிடம் லூயிஸ் விஷயத்தைக் கொண்டுபோனார். அப்படி அதிகாரி ஆனவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். பேஸ்பாலில் அவர் செய்ததற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

போஸ்டரில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1944, அலபாமாவில் சைபர்ட் முகாம். லூயிஸ் பிறந்த மாநிலம். பஸ் நிறுத்தத்தில் லூயிஸும், அவருடைய நண்பர் சுகர் ரே ராபின்சனும் நிற்கிறார்கள். இருவரும் சிப்பாய்ச் சீருடையில். வெள்ளையர்களுக்கான பெஞ்ச் முன்னால், மற்றவர்களுக்குப் பின்னால். பின்னால் போ என்று ராணுவப் போலீஸ்காரர் அதட்டுகிறார். நானும் இதே சீருடைதானே போட்டிருக்கிறேன் என்று லூயிஸ் நகர மறுக்கிறார். உலக ஹெவிவெயிட் சாம்பியனைக் கைது செய்தார்கள். மேலதிகாரி வந்து ஆளை அடையாளம் கண்டு அலறிப்போய் விடுவித்தார். அடையாளம் தெரியாத சிப்பாயாக இருந்திருந்தால்? அந்த வருடங்களில் ரத்த வங்கியில்கூட செஞ்சிலுவைச் சங்கம் வெள்ளையர் ரத்தம், கறுப்பர் ரத்தம் என்று புட்டிகளைத் தனித்தனியாகத்தான் வைத்திருந்தது.

போர் முடிந்தது. 1945-ல் லூயிஸுக்கு 'லீஜன் ஆஃப் மெரிட்' பதக்கம் கொடுத்து ராணுவம் அனுப்பிவைத்தது. பின்னாலேயே வருமானவரிக்காரர்கள் வந்தார்கள். நிவாரண நிதிக்குக் கொடுத்த பணமும் அவருடைய வருமானமாகவே கணக்கில் ஏறியிருந்தது. மேனேஜர்கள் பணத்தைப் பார்த்துக்கொண்ட லட்சணம் வேறு. அவரும் கையில் காசு நிற்காத மனிதர், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பாக்கி, வட்டிமேல் வட்டியாக வளர்ந்து பல லட்சம் டாலர் ஆனது. அதைக் கட்டுவதற்காகவே ஓய்விலிருந்து திரும்பி வந்து, 37 வயதில், 1951 அக்டோபரில், ராக்கி மார்சியானோவிடம் அடி வாங்கிக் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். அதற்கப்புறம் மல்யுத்தக் காட்சிகள். கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட ஹோட்டல் ஒன்றில் வருகிறவர்களைக் கைகுலுக்கி வரவேற்கும் வேலை. அந்தப் பகுதியை இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஷ்மெலிங்கும் போரில் எல்லாவற்றையும் இழந்துதான் வெளியே வந்தார். காசுக்காக 43 வயதுவரை சண்டை போட்டார். பிறகு ஹாம்பர்க்கில் கோக கோலா பாட்டில் கம்பெனி நடத்திப் பணக்காரர் ஆனார். 1954-ல் அமெரிக்கா போய், நேராக லூயிஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். அதிலிருந்து சினேகிதம். 1981 ஏப்ரலில் லூயிஸ் இறந்தபோது, ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் இடம் கொடுக்கச் சொன்னார். இறுதிச் சடங்குச் செலவுக்குப் பணம் அனுப்பியவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர்.

அவரைப் பற்றிய பெரிய செய்தி வெளியே வந்தது அதற்கும் பிறகுதான். 1989-ல் லாஸ் வேகாஸில் ஒரு கூட்டம். ஹென்றி லெவின் என்ற ஹோட்டல் அதிபர் எழுந்து பேசினார். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் கோவில்களையும் அடித்து நொறுக்கிய அந்த இரவுகளில், தானும் தன் சகோதரனும் ஒளிந்திருந்தது பெர்லின் ஹோட்டலில் ஷ்மெலிங்கின் அறையில் என்றார். உடம்பு சரியில்லை, யாரையும் மேலே அனுப்பாதீர்கள் என்று வரவேற்பில் சொல்லிவிட்டு, ஷ்மெலிங் அந்த இரண்டு சிறுவர்களையும் காப்பாற்றியிருக்கிறார். லூயிஸிடம் 124 விநாடியில் தோற்று ஐந்து மாதம்கூட ஆகாத நேரம் அது. 51 வருடம் அவர் இதை வெளியே சொல்லவில்லை. அன்று மேடையில், இதையெல்லாம் பேசாதீர்கள் என்று கண் கலங்கினார். 2005-ல், 99 வயதில் காலமானார்.

டோரிஸ் மில்லருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. போர்ப் பத்திரம் விற்று முடித்ததும் அவரைத் திரும்பக் கப்பலுக்கு அனுப்பினார்கள். 'லிஸ்கம் பே' என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பல். நேவி கிராஸ் வாங்கியவர், போஸ்டரில் முகம் வந்தவர். அங்கே அவர் உத்தியோகம், மூன்றாம் நிலை சமையல்காரர். 1943 நவம்பர் 24 விடியற்காலை, மாக்கின் தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் விட்ட டார்பிடோ, வெடிகுண்டுகள் வைத்திருந்த இடத்தில் பட்டது. 600 பேருக்கு மேல் போனார்கள். மில்லரின் உடல் கிடைக்கவில்லை. மகனைக் காணவில்லை என்று வேகோவில் பெற்றோருக்குத் தகவல் வந்த தேதி, டிசம்பர் 7.

இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த கறுப்பினச் சிப்பாய் ஒருவருக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் 1997 வரை கிடைக்கவில்லை. அந்த வருடம் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். மில்லர் அந்த ஏழில் இல்லை.

1973-ல் 'மில்லர்' என்ற பெயரோடு ஒரு போர்க்கப்பல் கடற்படையில் சேர்ந்தது. 2020 ஜனவரியில் இன்னொரு அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் ஜனாதிபதிகளின் பெயரைத்தான் வைப்பார்கள். அப்போது கட்டத் திட்டமிட்டிருந்த ஒன்றுக்கு மெஸ் உதவியாளரின் பெயர். பத்திரிகைகள் திருத்திய பெயரை விட்டுவிட்டு, வீட்டில் வைத்த பெயரை முழுசாக எழுதியிருக்கிறார்கள்: டோரிஸ் மில்லர்.

(தொடரும்)